சுந்தர்லால் ஹோரா

ஆடி பிறந்து கங்கையில் புதுவெள்ளம் பெருகத் தொடங்கியதும், கொல்கத்தாவின் மீன் அங்காடிகள் ஒரு மீனின் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கும். வெள்ளித் தகட்டை நறுக்கி ஒட்டியது போன்ற செதில்களை உடைய அம்மீனை வங்காளிகள் இலிஷ் என்பர். ஒடிய மொழியில் அது இலிசி. கோதாவரிக் கரையில் புலசா. சிந்தி மொழியில் பல்லா. சிந்தி மக்கள் போற்றும் ஜூலேலால், பல்லா மீனின்மேல் அமர்ந்து சிந்து நதியில் வருவதாகவே ஓவியர்கள் வரைகின்றனர். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இம்மீன் ஒரு காலத்தில் மிகுதியாகப் பிடிபட்டது. தமிழில் அதன் பெயர் உல்லம். தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகள் ஹில்சா என்னும் பெயரால் அதனை அறிந்திருக்கக்கூடும்.

உல்லம் கடல்மீனா, ஆற்றுமீனா என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அது வளர்வது கடலிலும் கழிமுகத்திலும்; முட்டையிடுவது ஆற்றின் நன்னீரில். மழைக்காலத்தில் வயிறு நிறைந்த சினையோடு அது வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும். அவ்வாறு ஏறும் மீன்களை மீனவர் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வந்தனர். ஆயினும், அம்மீன் ஆற்றின் எப்பகுதியில் முட்டையிடுகிறது, அதன் குஞ்சுகள் எங்கே வளர்கின்றன என்னும் வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரும் தெளிவான விடை கிட்டவில்லை. தாயைக் கண்டவர் பலர்; பிள்ளையைக் கண்டவர் மிகச் சிலர். அவ்விடையைத் தேடிச் சென்றவர்களுள் முதன்மையானவர் மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா.

பஞ்சாபிலிருந்து கல்கத்தாவுக்கு

சுந்தர்லால் ஹோரா 1896-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், பஞ்சாபில் உள்ள ஹாஃபிசாபாத் என்னும் ஊரில் பிறந்தார். ஜலந்தரில் பள்ளிக் கல்வியையும் லாகூரில் கல்லூரிக் கல்வியையும் பெற்றார். விலங்கியல் அவரை ஈர்த்தது. 1919-ஆம் ஆண்டில் நெல்சன் அன்னண்டேல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் லாகூர்க் கல்லூரிக்கு வந்தார். அவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்நிறுவனம் 1916-இல் தொடங்கப்பெற்று, கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இயங்கி வந்தது. இளைஞர் ஹோராவின் ஆர்வத்தைக் கண்ட அன்னண்டேல், கல்கத்தாவுக்கு வருமாறு அவரை அழைத்தார். இருபத்து மூன்று வயதில், ஐந்து ஆறுகள் பாயும் பஞ்சாபை விட்டு, கங்கை கடலில் கலக்கும் வங்காளத்துக்கு ஹோரா இடம்பெயர்ந்தார். மொழியும் உணவும் வேறான அந்நகரமே பின்னர் அவருடைய வாழ்நாள் உழைப்புக்கு நிலைக்களம் ஆயிற்று.

அருங்காட்சியகத்தில் எரிசாராயம் நிரம்பிய கண்ணாடிப் புட்டிகளில் இந்திய ஆறுகளின் மீன்கள் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முன்னோர் பெயரிட்டிருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகிய பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் ஏறத்தாழ 270 மீன் இனங்களை விளக்கி 1822-இல் ஒரு நூல் வெளியிட்டார். உல்லத்தின் அறிவியற் பெயரில் உள்ள இலிஷா என்னும் சொல் அவர் இட்டதே. வங்காள மீனவரின் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெருநூலைப் படங்களுடன் வெளியிட்டார். ஆகவே, ஹோரா பணியில் சேர்ந்தபோது பெயர்ப்பட்டியல் பெருமளவு ஆயத்தமாக இருந்தது. புட்டியில் இருக்கும் மீன் தன் முள்ளையும் செதிலையும் காட்டும்; தான் வாழ்ந்த நீரைக் காட்டாது. அந்த நீரைக் காணவே ஹோரா புறப்பட்டார்.

அருவி நீரில் வாழும் மீன்கள்

பணியில் சேர்ந்த சிறிது காலத்திலேயே அவர் மணிப்பூருக்குச் சென்று அந்நாட்டு மீன்களையும் மீன்பிடி முறைகளையும் ஆராய்ந்தார். 1921-இல் மீன்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன ஆகிய பிரிவுகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளின் ஓடைகளிலும் அவர் ஆய்வு நிகழ்த்தினார். (வாரணாசிக்கு வழங்கும் காசி என்னும் பெயர் வேறு, இது காசி இன மக்கள் வாழும் மலை.) மழைக்குப் பெயர்பெற்ற அம்மலைகளில் ஓடைநீர் பாறைகளின்மேல் சீறிப் பாயும். பெரியவர் ஒருவர் நின்றாலும் கால் நிலைகொள்ளாத அந்த வேகத்தில், விரல் நீளமே உள்ள மீன்கள் எவ்வாறு அடித்துச் செல்லப்படாமல் வாழ்கின்றன? ஹோராவின் புகழுக்கு வித்திட்டது இந்த வினாவே.

அம்மீன்களை அவற்றின் இருப்பிடத்திலேயே உற்று நோக்கியபோது உடலமைப்பின் பொருள் விளங்கிற்று. ஆழ்ந்த, அமைதியான நீரில் வாழும் மீன்கள் இருபுறமும் தட்டையாக இருக்கும். அருவி நீரில் வாழ்பவற்றுக்கோ வயிறு தட்டையாகி முதுகு வளைந்திருக்கும். அதனால் நீர் அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும். முன் துடுப்புகள் விசிறிபோல் இருபுறமும் விரிந்து பாறையோடு படியும். சில கெளிற்று மீன்களின் மார்பில் மடிப்பு மடிப்பாகத் தோல் அமைந்து, கல்லைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. வேறு சில மீன்களுக்குக் கீழுதட்டின் பின்புறத்தில் வட்டமான பற்றுறுப்பு உண்டு. பொதுவாக மீன்களை மிதக்கச் செய்வது அவற்றின் உள்ளே இருக்கும் காற்றுப்பை. அருவி மீன்களில் அப்பை சுருங்கிச் சிறுத்திருப்பதையும் ஹோரா ஆராய்ந்தார். மிதந்தால் ஆறு இழுத்துச் சென்றுவிடும் இடத்தில், மிதக்க உதவும் பையால் என்ன பயன்? பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்றபடி, அடித்தளத்தை விட்டு அகலாமல் வாழ்வதற்கே அம்மீன்களின் உடல் முழுவதும் அமைந்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இத்தகைய மீன்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்குத் தனிப் பேரினம் வகுத்து, 1920-இல் ஹோரா இட்ட பெயர் பவானியா. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் பவானி ஆற்றின் பெயரே அது. தமிழ்நாட்டு வீடுகளில் குழம்பு வைக்கும் அயிரை மீனுக்குப் பவானியா தொலைவான உறவினம் எனலாம். பஞ்சாபில் பிறந்து வங்காளத்தில் பணியாற்றிய ஒருவரால், தமிழகத்தின் ஓர் ஆறு உலக மீனியல் நூல்களில் நிலையான இடம் பெற்றது.

அருவி உயிர்களைப் பற்றிய ஹோராவின் விரிவான ஆய்வை இலண்டன் அரச கழகம் 1930-இல் தன் ஆய்விதழில் வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே எடின்பரோ அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்த அன்னண்டேல் இவற்றைக் காண உயிரோடு இல்லை. அவர் 1924-இலேயே மறைந்துவிட்டார்.

மலையோடை மீன்கள் அவரை மற்றொரு பெரிய கருத்துக்கும் இட்டுச் சென்றன. அசாம், மலேயா ஆகிய பகுதிகளின் மீன்களை ஒத்த மீன்கள் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்றன. இடைப்பட்ட சமவெளியில் அவை இல்லை. அவை எவ்வழியாக வந்திருக்கும்? ஒரு காலத்தில் அசாம் மலைகளிலிருந்து இராஜ்மகால் குன்றுகள், விந்திய சாத்பூரா மலைகள் வழியாகத் தொடர்ச்சியான மலைப்பாதை இருந்தது என்றும், ஓடை மீன்கள் அதன் வழியே படிப்படியாகத் தெற்கு நோக்கிப் பரவின என்றும் ஹோரா 1940-களில் கருத்துரைத்தார். சாத்பூராக் கருதுகோள் என்று அது வழங்குகிறது. பின்வந்த அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஒரேவிதமான வேகநீர், உறவற்ற மீன்களையும் ஒரேவிதமான வடிவத்துக்குக் கொண்டுவரக்கூடும் என்பது அவர்கள் காட்டிய தடைகளுள் ஒன்று. வேகநீர் உடலை எவ்வாறு வடிக்கிறது என்பதை உலகுக்கு விரிவாக எடுத்துக்காட்டியவர் ஹோராவே என்பதை எண்ணும்போது, அவர் தந்த அறிவே அவருடைய கருதுகோளுக்கு எதிராக நின்றது புலப்படும். அறிவியலில் இது குறையாகக் கருதப்படுவதில்லை.

தொட்டியில் கிடைத்த விடை

இனி, உல்லத்தின் கதை. வங்காளத்தில் இம்மீனை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் எண்ணற்றவை. ஒரு பெரிய பெண்மீன் ஒரே பருவத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. சிறியவையும் இலட்சக்கணக்கில் இடும். அத்தகைய மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே வலையில் சிக்கினால், அடுத்த தலைமுறை மீன்கள் எங்கிருந்து வரும்? முட்டையிடும் இடம் தெரிந்தால் அன்றோ அவ்விடத்தைக் காக்க இயலும்? ஆகவே, இந்த ஆய்வு மீனவரின் பிழைப்போடும் மக்களின் உணவோடும் தொடர்புடையதாக இருந்தது.

உல்லத்தின் முட்டை மிகச் சிறியது, ஒளி ஊடுருவக்கூடியது. நீரில் ஊறிப் பெருத்த பின்னும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். தாய்மீன் கூடு கட்டுவதில்லை. முட்டைகளைக் காப்பதும் இல்லை. பெண்மீன் ஓடும் நீரில் முட்டைகளைச் சொரிய, ஆண்மீன் அவற்றின்மேல் விந்தைச் சொரியும். கருவுற்ற முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்தும் உருண்டும் செல்லும். ஏறத்தாழ ஒரு நாளில் அவற்றிலிருந்து நூலிழை போன்ற குஞ்சுகள் வெளிவரும். வெள்ளக் காலத்து ஹூக்ளி ஆறு வண்டலால் பழுப்பேறி, அகன்று, விரைந்து ஓடும். அதில் கண்ணாடி போன்ற அந்தக் குஞ்சுகளைத் தேடுவது எத்துணை அரிய செயல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடை, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. கல்கத்தாவுக்கு வடக்கே, பாரக்பூருக்கு அருகில் புல்டா என்னும் இடத்தில் நகரின் குடிநீர் நிலையம் உள்ளது. ஹூக்ளி ஆற்றின் கலங்கிய நீரை எந்திரங்களால் ஏற்றி, பரந்த தொட்டிகளில் தேக்கி, வண்டல் அடியில் படிந்தபின் தெளிந்த நீரை எடுத்து நகருக்கு அனுப்புவது அந்நிலையத்தின் பணி. அந்தப் படிவுத் தொட்டிகளில் உல்லக் குஞ்சுகள் வாழ்ந்தன. அவற்றை ஆராய்ந்த ஹோரா, 1938-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் உல்லம் முட்டையிடும் இடங்களைப் பற்றியும் அதன் வாழ்க்கை முறையைப் பற்றியும் கட்டுரை வெளியிட்டார். 1940-இல் நாயர் என்னும் ஆய்வாளருடன் இணைந்து மேலும் ஒரு கட்டுரை எழுதினார்.

தொட்டியில் இருந்த குஞ்சு பல செய்திகளைச் சொல்லிற்று. நீரேற்றும் எந்திரத்தின் வழியே முழங்கை நீள மீன் நுழைய இயலாது. முட்டையோ, அப்போது பொரித்த குஞ்சோதான் நீரோடு வந்திருக்க முடியும். முட்டை பொரிப்பதற்கு ஒரு நாளே ஆகும் என்பதால், அது நெடுந்தொலைவிலிருந்து வந்திருக்கும் என்று கொள்வதற்கும் இடமில்லை. எனவே, உல்லம் முட்டையிடுவதற்கு மேல்கங்கை வரை சென்றே தீர வேண்டும் என்பதில்லை. கடலின் ஓதம் ஏறி இறங்கும் எல்லைக்குள், கல்கத்தாவின் வாயிலுக்கு அருகிலேயே அதன் இனப்பெருக்கம் நிகழ்கிறது. உப்பற்ற, அசைவற்ற தொட்டி நீரிலும் குஞ்சுகள் உயிர்வாழ்ந்து வளர்ந்தன. ஆகவே, அதன் இளமைக்குரிய இருப்பிடம் நன்னீரே என்பதும் உறுதியாயிற்று. மக்கள் பருகுவதற்காகத் தெளியவைத்த நீர், அறிஞர் கண்ணுக்கு மீனின் இரகசியத்தையும் தெளிவாக்கிற்று.

இன்று அறியப்படும் உல்லத்தின் வாழ்க்கை வட்டம் இவ்வாறு அமைகிறது. தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம் கடலை எட்டும்போது மீன் கூட்டங்கள் கழிமுகத்தை நோக்கி வரும். ஆற்றில் ஏறும் காலத்தில் அவை மிகக் குறைவாகவே உண்ணும். முட்டையிட்டபின் தாய்மீன்கள் மெலிந்து கடலுக்குத் திரும்பும். குஞ்சுகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுள் வழியே வடிகட்டி உண்டு, சில மாதங்கள் ஆற்றில் வளர்ந்து, கடலுக்கு இறங்கும். பின்னர் முதிர்ந்து, சினையோடு மீண்டும் ஆற்றில் ஏறும். ஆண்டின் தொடக்க மாதங்களில் சிறிய அளவில் மற்றொரு வருகையும் உண்டு.

பஞ்ச காலத்தில் மீன்துறை

1940-களில் ஹோரா வங்காள மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 1943-இல் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் வாட்டிற்று. இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். மீனும் சோறுமே உணவாகக் கொண்ட நாட்டில், மீன்துறையின் பொறுப்பு எத்தகையது என்பதை அப்பஞ்சம் உணர்த்தியது.

வங்காளக் குளங்களில் ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய கெண்டை இன மீன்கள் வளர்க்கப்பட்டன. அவற்றிலும் ஒரு புதிர் இருந்தது. குளத்தில் கொழுத்து வளர்ந்து சினை பிடித்த மீன்கள், அக்குளத்தில் முட்டையிட மறுத்தன. ஆற்றில் வெள்ளம் வரும் காலத்தில் மட்டுமே அவை முட்டையிட்டன. ஆகவே, குளத்துக்கு வேண்டிய குஞ்சுகளை ஆண்டுதோறும் ஆற்றிலிருந்து வலைகட்டிப் பிடித்துப் பானைகளில் கொண்டுவர வேண்டியிருந்தது. அவற்றோடு வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்து வந்தன. கெண்டைகளை முட்டையிடத் தூண்டுவது எது என்பதை ஹோரா ஆராய்ந்து 1945-இல் எழுதினார். பருவமழையின் பெருவெள்ளம் கரைகடந்து, ஆழமற்ற பரந்த நிலப்பரப்பில் நீர் நிரம்புவதே முதன்மையான தூண்டுதல் என்பது அவர் கண்ட முடிவு.

போர்க்காலத்தில் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கும் பெருந்துன்பம் நேர்ந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942-இல் அதன் அரிய தொகுப்புகள் கல்கத்தாவிலிருந்து வாரணாசிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அடுத்த ஆண்டே வருணா ஆறு கரைபுரண்டு, அவற்றைச் சேதப்படுத்திற்று. குண்டுக்குத் தப்பிய மீன் புட்டிகள் ஆற்றுவெள்ளத்துக்குத் தப்பவில்லை. 1947-இல் ஹோரா அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாடு விடுதலை பெற்றதும் பிரிவினை கண்டதும் அதே ஆண்டில்தான். அவர் பிறந்த ஹாஃபிசாபாத்தும் பயின்ற லாகூரும் பாகிஸ்தானில் அடங்கின. கங்கையின் பெரும்பிரிவாகிய பத்மா நதி கிழக்குப் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. எல்லைக் கோட்டை அறியாத உல்லம் இரு நாட்டு ஆறுகளிலும் முன்போலவே ஏறியது.

தம் இறுதி ஆண்டுகளில் ஹோராவின் நாட்டம் பழைய நூல்களின் பக்கமும் திரும்பிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் சோமேசுவரர் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மீன்பிடித்தலைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதில் கூறப்படும் மீன்கள் எவை, அவற்றின் இருப்பிடம் யாது என்று ஹோரா ஆராய்ந்தார். அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டையும் அவர் ஒரு மீனியல் அறிஞரின் கண்கொண்டு படித்தார். சில முழுநிலவு நாள்களிலும் அவற்றை அடுத்த நாள்களிலும் மீனைக் கொல்லவோ விற்கவோ கூடாது என்று அக்கல்வெட்டு ஆணையிடுகிறது. சமயக் கட்டளையாக மட்டுமே கருதப்பட்டு வந்த அதனை, மீன்வளம் பற்றிய பழமையான சட்டமாக ஹோரா எடுத்துக்காட்டினார்.

அடைபட்ட வழி

ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால், கடலிலிருந்து ஏறி வரும் மீன் என்ன செய்யும்? இவ்வினாவையும் ஹோரா 1940-ஆம் ஆண்டளவிலேயே எழுப்பி எழுதினார். உல்லம் நீந்துவதில் வல்லது. ஆயினும், அணையைத் தாவி ஏறும் ஆற்றல் அதற்கு இல்லை. காவிரியில் இதற்குச் சான்று கண்முன் இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆற்றின் வெள்ளப்போக்கு மாறியது. அடுத்த பத்தாண்டுகளில் காவிரியில் உல்லம் பிடிபடுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. அணையால் பாசனமும் மின்சாரமும் பெருகின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், உல்லம் என்னும் சொல்லைக் காவிரிக் கரைப் பிள்ளைகளும் மறக்கும் நிலை வந்தது.

ஹோரா 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை அவர் விட்டுச் சென்றார். கேரள ஆறுகளில் வாழும் மஞ்சள் நிறக் கெளிற்று மீன் ஒன்றின் பேரினத்துக்கு, அதே ஆண்டில் ஜெயராம் என்னும் அறிஞர் ஹோராபாக்ரஸ் என்று பெயர் சூட்டினார். அதற்கு முன்னரே, மேற்குக் கடற்கரையின் உப்பங்கழிகளில் வாழும், இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள மீன் ஒன்றுக்கு 1940-இல் குல்கர்ணி என்பவர் ஹோராயிக்திஸ் என்று பெயரிட்டிருந்தார். அச்சிறுமீன் இனப்பெருக்கத்தில் தனித்தன்மை உடையது: கருவுறுதல் பெண்மீனின் உடலுக்குள்ளேயே நிகழ்ந்து, கருவுற்ற முட்டைகளையே அது வெளியிடுகிறது. மீன்களின் பிறப்பிடத்தைத் தேடியவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அமைவது அரிது.

குளத்தில் கெண்டைகளை முட்டையிடச் செய்யும் வழி, ஹோரா மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1957-இல் கைகூடிற்று. ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும், மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழியே செலுத்தி அதனை நிகழ்த்தினர். வெள்ளம் செய்யும் தூண்டுதலை ஊசி செய்தது. இன்று இந்தியச் சந்தைகளில் விற்கப்படும் ரோகுவும் கட்லாவும் பெரும்பாலும் அவ்வாறு பிறந்தவையே.

உல்லத்துக்கு அத்தகைய எளிய வழி அமையவில்லை. முன்னாளில் அது கங்கையில் அலகாபாத் வரையிலும், யமுனையில் ஆக்ரா, தில்லி வரையிலும் ஏறியது. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயற்படத் தொடங்கியபின், அதற்கு மேலே உல்லம் மிக அரிதாகிவிட்டது. புல்டாவின் தொட்டிகள் காட்டிய கீழ்ப்பகுதி இனப்பெருக்க இடங்களே இப்போது அதற்கு எஞ்சியுள்ளவற்றுள் முதன்மையானவை. வங்கதேசத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில், முழுநிலவை ஒட்டி 22 நாள்கள் உல்லம் பிடிக்கவும் விற்கவும் தடை விதிக்கப்படுகிறது. அந்நாள்களில் பத்மா, மேக்னா ஆறுகளின் படகுகள் கரையிலேயே நிற்கும். மீனவர் வலைகளை விரித்துக் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருப்பர்.